கணக்கில் வராத இரண்டு லிட்டர்

இதற்கு நம்பர் பிளேட் கிடையாது.
செங்குன்றம் ரோட்டில் ஏறினால் போலீஸ் பிடிக்கும்.
வாராவதி வரைக்கும்தான் இதன் உலகம்;
அதற்குள்
ஒன்பது ஏக்கர், இரண்டு போர்வெல், பதினோரு மாடு,
மழை வந்தால் காலை விழுங்குகிற களிமண்.

டிராக்டர் இந்த வரப்பில் நுழையாது, பைக் கவிழும்.
இது நடுவில் ஒன்று.
பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சீட்டு,
பின்னால் சாய்த்துக் கொட்டுகிற தொட்டி,
ஸ்டியரிங் இடதுபக்கம், வெளிநாட்டு வழக்கம்.
அலமாதிப் பசங்கள் வைத்த பெயர் அரை ஜீப்பு.
சொந்தக்காரர் அண்ணா நகர் பல் டாக்டர்,
அவர் சொல்லும் பெயர் என் வாயில் நுழையாது.

திங்கட்கிழமை சாணி, எட்டு நடை.
மறுநாள் புல். ஈரத்தோடு ஏற்றினால் ஸ்பிரிங் முனகும்.
அப்புறம் கிழமை மறந்துபோகும்:
சுட்டுப்போன மோட்டார், வேலிக்குக் கல்தூண்,
ஒருமுறை கன்று திரும்பிக் கிடந்த மாட்டுக்காக
கால்நடை டாக்டரம்மாவை ஏற்றி வந்தேன்.
கன்று பிழைத்தது.
அவர் கையில் பிடித்திருந்த செருப்பில் ஒன்று
இன்னும் அந்தச் சேற்றுக்குள்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் வருவார்.
மச்சான், மச்சானின் பிள்ளைகள், ஐஸ் பெட்டி.
ஆறு நாளும் நான் சுற்றிப்போகும் பள்ளத்தில்
அவர் வேண்டுமென்றே இறங்குவார்.
சேறு கூரை வரை பறக்கும்.
தப்பு சொல்லவில்லை.
வாரமெல்லாம் அடுத்தவன் வாய்க்குள் குனிந்திருக்கிறவர்
தன் வாயைத் திறந்து சிரிப்பதை
நானும்தான் பார்க்கிறேன்.

பதினோரு லிட்டர் டீசல் போகும்.
நோட்டில் 'ஞாயிறு' என்று எழுதினால் போதும்.
மற்ற நாளுக்குத்தான் காரணம் வேண்டும்.

பூங்காவனத்துக்கு அம்பத்தூரில் செகண்ட் ஷிப்ட்.
கம்பெனி பஸ் வாராவதியில் இறக்கிவிடும்போது
பதினொன்று பத்து.
நடந்தால் இருபது நிமிஷம், பாம்பு குறுக்கே போகும் பாதை.
அதனால் போய் நிற்பேன்.
நோட்டில் 'மோட்டார் பார்க்க' என்று எழுதுவேன்.
பாதி உண்மை, திரும்பும்போது மோட்டாரையும் பார்ப்பதுண்டு.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி
அவள் தன் சீட்டுக்குப் போகவில்லை.
"தள்ளிக் குந்து."
"ஓட்டத் தெரியுமா ஒனக்கு?"
"எட்டு மணி நேரம் இன்னா ஓட்டிட்டு வர்றேன், மிஷினுதான?"

முதல் உதறலில் டிபன் கேரியர் தொட்டிக்குள் விழுந்தது.
இரண்டாவதில் என் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
அதற்கப்புறம் ஏரிக்கரை,
அவள் எதையும் கேட்கவில்லை.

இரண்டு வருஷத்தில் அந்தச் சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை.
அங்கே பக்கத்தில் பார்க்க நேரம் இருக்கிறது.
அரிசி மில்லிலிருந்து வெந்த நெல் வாசனை.
வெளிவட்டச் சாலை விளக்குகள் ஒரே வரிசையாக,
யாரோ எண்ணி வைத்த மாதிரி.
தெற்கே வானத்தின் அடிவயிறு மட்டும் சிவப்பு,
அதுதான் மெட்ராஸ்.
நான் தண்ணீர் பாய்ச்சிய வயல் இருட்டில் யாருடையதும் இல்லை.

திரும்பும்போது அந்தப் பள்ளம்.
"சுத்திப் போ" என்றேன்.
சுற்றிப் போகவில்லை.

கம்பெனி யூனிபார்மில், தலையில், பல்லில் சேறு.
இன்ஜினை நிறுத்தினாள், லைட்டையும்.
தவளைகள் கொஞ்சம் யோசித்து
மறுபடி ஆரம்பித்தன.
அவள் சிரித்து முடிக்க ரொம்ப நேரமானது.
பிறகு அதே குரலில்
"நாலு மணிக்குக் கறக்கணும், எறங்கித் தள்ளு" என்றாள்.

தள்ள வேண்டியிருக்கவில்லை. அது தானே ஏறியது.

காலையில் நோட்டைத் திறந்தேன்.
இரண்டு லிட்டர் குறைகிறது.
மோட்டார் என்று எழுதப் போன பேனா நின்றது.
உள்ளே அவள் யூனிபார்மை அடித்துத் துவைக்கும் சத்தம்.

'ஞாயிறு' என்று எழுதினேன்.
கிழமை புதன்.
டாக்டர் இன்னும் அந்தப் பக்கத்துக்கு வரவில்லை.